மாதையன் அண்ணனும் எங்கள் அலமாரி ஸ்பீக்கர்களும்

மாதையன் அண்ணன் நேற்று காலை போய்விட்டார்.

டீ குடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாராம். அவ்வளவுதான்... இன்று மதியம் தர்மபுரியில் அடக்கம் முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தர்மபுரி–சேலம் பஸ்ஸில் நான் டிரைவர், அவர் கண்டக்டர். பல வருடம் ஒரே வண்டி. போன வருடம்தான் ரிட்டையர் ஆனார்.

அவருக்கு ஒரு ஹாபி இருந்தது. புத்தக அலமாரியில் வைக்கிற அளவுக்குச் சின்னச் சின்ன ஸ்பீக்கர் பெட்டிகளைச் சொந்தமாகச் செய்வார். பிளைவுட், பெவிகால், சால்டரிங் அயர்ன்... லீவு நாள் முழுக்க அதுதான்.

நான் அதைக் கண்டுகொண்டதே இல்லை. அந்த விபத்து வரைக்கும்.

நான்கு வருடத்துக்கு முன்னால், தொப்பூர் இறக்கத்தில் ஒரு கன்டெய்னர் லாரி எங்கள் பஸ்ஸைப் பின்னால் இருந்து இடித்துத் தள்ளியது. பயணிகள் எல்லோரும் பிழைத்தார்கள். எனக்குக் கால் முறிந்தது.

கால் கூடிவிட்டது. காதுதான் அடங்கவில்லை.

எங்கள் வீடு நல்லம்பள்ளியில், ஹைவேயிலிருந்து கொஞ்சம் உள்ளே. தூரத்தில் ஏர் ஹாரன் கேட்டாலே ஜன்னலை எல்லாம் மூடிவிட்டு உட்கார்ந்திருப்பேன். டிவி கூடாது, மிக்ஸி கூடாது. என் மகள் உதட்டை மட்டும் அசைத்துப் பாடம் படித்தாள்.

இனி ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். என் மனைவி சுமதி என் காக்கிச் சட்டைகளை மடித்து பீரோவில் வைத்தாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, மொபெட்டில் பலகைகளைக் கட்டிக்கொண்டு அண்ணன் வந்து இறங்கினார்.

"டிரைவரே, பலகையப் புடிக்க ஒரு ஆளு வேணுங்க. எனக்கு ரெண்டு கைதான் இருக்குது."

"சத்தமே ஆவறதில்லீங்கண்ணே எனக்கு. ஸ்பீக்கரைக் கொண்டாந்து இறக்குறீங்களே..."

"இதுல எங்கீங்க சத்தம் வருது? வெறும் பொட்டிதானே."

பிடித்துக்கொண்டேன். வேறென்ன வேலை எனக்கு...

மூலைகளை ஒட்டிக் காய வைத்தோம். ஊதுவத்தியைக் கொளுத்தி ஒவ்வொரு மூலையாகக் காட்டச் சொல்லிவிட்டு, ஸ்பீக்கர் வைக்கிற ஓட்டையில் வாயை வைத்து ஊதினார். காற்று கசிந்து புகை கலைந்த இடத்தில் எல்லாம் பசையும் மரத்தூளும் குழைத்து அடைத்தோம். பெட்டிக்குள் வைக்கப் பஞ்சு வேண்டும் என்று எங்கள் வீட்டுத் தலையணை ஒன்றைப் பிரித்தார். சுமதி அன்றைக்குத்தான் ரொம்ப நாள் கழித்துச் சிரித்தாள்.

மூன்றாவது ஞாயிறு பாட்டுப் போட்டோம். அலமாரியின் மேல் தட்டில், மகளின் புத்தகங்களுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெட்டி. சவுண்டு ரொம்பக் குறைவாக...

ஒரு அம்மாவின் குரல். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. ரூம் முழுக்க அலைந்தது. பாட்டின் அடியில் இருக்க வேண்டிய கனமும் இல்லை.

"ஒயரைப் பாருங்க," என்றார். பார்த்தேன். ஒரு பெட்டியில் சிவப்பையும் கறுப்பையும் நான்தான் மாற்றிப் பற்ற வைத்திருந்தேன்.

"ஒண்ணு முன்னால தள்ளுது, ஒண்ணு பின்னால இழுக்குது. எப்படிங்க பாட்டு நிக்கும்? மாத்திட்டாப் போச்சு."

மாற்றினோம். அந்த அம்மா இரண்டு பெட்டிக்கும் நடுவில் வந்து நின்று பாடினார். கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல இருந்தது.

நான் அழுதுவிட்டேன். அண்ணன் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

அப்புறம் அவருக்கும் சுமதிக்கும் ஒரு போர். பெட்டிகளைச் சுவரோடு சேர்த்து வைத்தால் பாட்டு 'கும்கும்' என்று அடிக்கிறது என்று அவர் நான்கு விரல் முன்னால் நகர்த்துவார். அவர் கிளம்பியதும் தூசி துடைக்கிறேன் என்று இவள் தள்ளிவிடுவாள். அடுத்த வாரம் வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே கண் அலமாரிக்குப் போகும்.

ஒரு நாள் அவரது போனை அந்த ஸ்பீக்கரில் இணைத்தார். பாட்டு இல்லை. எங்கள் பஸ்... தர்மபுரி ஸ்டாண்டிலிருந்து வண்டி கிளம்புகிற சத்தம், ஓடும் வண்டியில் அவரே ரெக்கார்டு செய்தது.

அரை நிமிடம்கூட இருக்க முடியவில்லை. எழுந்து வெளியே போய்விட்டேன். அவர் ஆஃப் செய்துவிட்டுக் காபி குடித்தார்.

அடுத்த வாரமும் போட்டார். அதற்கடுத்த வாரமும். சவுண்டைத் துளித்துளியாக ஏற்றினார். ஒரு நாள் வண்டி தொப்பூர் இறக்கத்துக்கே வந்துவிட்டது. என் கை நாற்காலியைப் பிடித்திருந்தது. ஆனால் உட்கார்ந்திருந்தேன்.

"யாருங்கண்ணே ஓட்டுறது? இறக்கத்துல இவ்ளோ லேட்டா கியரைக் குறைக்கறான்..."

அண்ணன் என்னையே பார்த்தார். "நீங்க வந்து குறைங்க. யாரு வேணாங்கறா?"

பத்து நாளில் டியூட்டிக்குப் போனேன். அன்றைக்கும் கண்டக்டர் அவர்தான். இறக்கம் முடிகிற வரைக்கும் டிக்கெட் போடுவதை விட்டுவிட்டு என் பக்கத்திலேயே நின்றார். டோல்கேட் தாண்டியதும், "சரிங்க டிரைவரே," என்று பின்னால் போனார்.

இன்று அடக்கம் முடிந்து எல்லோரும் அண்ணன் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். அவர் மனைவி ராணி அண்ணி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அவுரு பொட்டியக் கொஞ்சம் போட்டு வுடுங்க. வூடு இப்படி ஊமையாக் கெடந்தா எனக்கு ஆவாது."

சொந்தக்காரர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். நான் அண்ணன் செய்த ஸ்பீக்கரில் ரேடியோவைப் போட்டேன். ஒகேனக்கல்லில் தண்ணீர் கூடுதலாக வருகிறது என்று செய்தி ஓடியது.

அண்ணி ஸ்பீக்கருக்கு நேராக வந்து உட்கார்ந்தார். நேற்றிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவர், தட்டை வாங்கிக்கொண்டார்.

போய் வாங்கண்ணே... நாளைக்குக் காலையில் சேலத்துக்கு முதல் டிரிப் நான்தான் எடுக்கிறேன்.