பின்பக்கமாக இறங்கியவர்

இன்று காலை எங்கள் மாடிப்படி நின்று நின்று முனகியது. ஒவ்வொரு பலகையிலும் இரண்டு காலையும் ஊன்றி இறங்கினால்தான் அப்படிக் கேட்கும். அப்படி இறங்கிய ஒருவரை எனக்குத் தெரியும்.

அம்மாவின் தம்பி ராஜு மாமா சம்பளத்துக்கு ரக்பி ஆடியவர். முன்வரிசையில் நின்று எதிரணியை முட்டித் தள்ளுகிற ப்ராப். எந்த டீமிலும் ஒரு சீசனுக்கு மேல் நிலைத்ததில்லை. வேலையில்லாத மாதங்களில், மவுண்ட் ஆல்பர்ட் புறநகரில் இதே மர வீட்டு மாடியில் தைல வாசனையோடு கிடப்பார். காலையில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்பக்கமாகப் படியிறங்குவார்.

"ராத்திரி போட்டது இன்னும் இறங்கல. நல்லா ஆடுறவன எவனாச்சும் வருசா வருசம் டீம விட்டு அனுப்புவானா?" என்பார் அப்பா. மாமா பக்கத்தில் வந்தால் மோந்து பார்ப்பார்.

ஒருநாள் புது டீமின் ஆள் வீட்டுக்கு வந்தார். மாமா சிரித்துக்கொண்டே நேராக இறங்கி வந்தார். நல்ல குளிர்காலம், ஆனால் அவர் முகமெல்லாம் வியர்வை. ஆள் போனதும், "முட்டி வலிக்குதா மாமா?" என்று கேட்டேன்.

"அப்பாகிட்ட சொல்லாத. குடிக்கிறேன்னே நெனச்சுக்கட்டும். குடிகாரனுக்கு டீம் கெடைக்கும். முட்டி போனவனுக்குக் கெடைக்காது."

இன்று இறங்கியது என் மகன். பள்ளி அணியில் அவனும் ப்ராப். சனிக்கிழமை அடுத்த சீசனுக்கு ஆள் எடுக்கும் தேர்வு ஆட்டம். நான் எட்டிப் பார்த்ததும் சட்டென்று திரும்பி, சிரித்தபடி நேராக இறங்கினான்.

"முட்டி எப்படிடா இருக்கு?"

"ஐ'ம் ஃபைன், அம்மா."

ஹீட்டர் இன்னும் போடவில்லை. அவன் மேலுதடு வியர்த்திருந்தது.