எண் பார்த்து வைத்த பெயர்

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் ஒரு அப்பார்ட்மென்டில் இருந்தோம். மகள் மூன்றாம் வகுப்பு. உங்கள் பெயருக்கு என்ன அர்த்தம், அது எங்கிருந்து வந்தது என்று வீட்டில் கேட்டு, படமும் வரைந்து கொண்டுவரச் சொல்லி ஆசிரியை அனுப்பிவிட்டார். அந்த மனுசிக்கென்ன, கேட்டுவிட்டார். அகப்பட்டது நான்.

என் மகளின் பெயர் ரொறன்ரோவில் வேறு யாருக்கும் இல்லை. உலகத்திலேயே இல்லை என்பது கணவரின் அண்ணனுக்குப் பெருமை, ஏனென்றால் வைத்தவர் அவர்தான். நட்சத்திரத்துக்கு எந்த எழுத்தில் தொடங்க வேண்டும் என்று பார்த்து, கூட்டு எண் சரிவரும்வரை பின்னால் எழுத்துகளை ஒட்டிக்கொண்டே போனார். அப்போது எங்கள் சனத்தில் பாதிப்பேர் அப்படித்தான் வைத்தார்கள். அர்த்தத்தைப் பற்றி யாருக்கும் கவலை இருக்கவில்லை.

நான் கேட்டது வேறு பெயர். மகள் பிறப்பதற்குச் சில மாதங்கள் முன்புதான் ஊரில் யுத்தத்தில் ஷெல் விழுந்து என் தங்கை செத்துப்போனாள். அவள் பெயரை வைப்போம் என்றேன்.

“அகாலமாய்ப் போனவளின்ரை பேரைப் பச்சைப்பிள்ளைக்கு வைக்கிறதோ? உமக்கென்ன விசரே?” என்றார் மைத்துனர். கணவரும் அதற்குத் தலையாட்டினார். அந்த எரிச்சல் எனக்கு இன்றைக்கும் அடங்கவில்லை.

அர்த்தம் ஒன்றும் இல்லை என்று நான் சொன்னதும் மகள் அழத் தொடங்கினாள். “அம்மா, கிளாசிலை எல்லாருக்கும் மீனிங் இருக்கு. எனக்கு மட்டும் ஒண்டுமில்லையே?”

பிக்கரிங்கில் இருந்த மைத்துனருக்குப் போன் எடுத்தேன்.

“அண்ணை, நீங்கள் வைச்ச பேருக்கு என்ன கருத்து?”

“அது சமஸ்கிருதம், பிள்ளை. ஒரு தேவதையின்ரை பேர்.”

“எந்தத் தேவதை?”

“உப்பிடித் துருவித் துருவிக் கேட்டால்? நல்ல எண் அது. ராசாத்தி மாதிரி இருப்பாள்.”

கோயில் ஐயரைக் கேட்டேன். சிரித்தார். ஹொக்கி பார்த்துக்கொண்டிருந்த கணவரைக் கேட்டால், “அண்ணைக்குத்தான் தெரியும்” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குசினியில் நின்று கத்தினேன். அர்த்தமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை! என் தங்கையின் பெயரை வைக்க விட்டிருந்தால் இந்தப் பிள்ளை அர்த்தம் ‘நிலவு’ என்று எழுதிக்கொண்டு போயிருக்கும்!

மகள் பின்னால் நின்றதை நான் கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் படம் வகுப்பிலிருந்து திரும்பி வந்தது. மேலே அவளுடைய நீளப் பெயர். கீழே தாள் நிறைய மஞ்சள் நிலவு.

“ரீச்சரிட்டை என்ன சொன்னனி?”

“பேர் பெரியப்பா தந்தது, மீனிங் சித்தி தந்தது எண்டு சொன்னன்.”

பாத்ரூமுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு வந்து படத்தை ஃபிரிட்ஜில் ஒட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்த மைத்துனர் அதைப் பார்த்துவிட்டுக் கணவரின் தோளில் தட்டினார்.

“பாத்தியே? நான் அப்பவே சொன்னன், நல்ல கருத்துள்ள பேர் எண்டு.”

அவருடைய தேத்தண்ணிக்கு மட்டும் நான் சீனி போடவில்லை.