பிஞ்சாகப் பார்த்து வாங்கிய மாட்டுக்கறி

என் மாமனார் சீசனுக்கு என்று சொல்லித்தான் ஆலங்குளத்திலிருந்து வந்தார். பத்து நாள் குற்றாலத்தில் குளித்துவிட்டுத் திங்கட்கிழமை பஸ் ஏறிவிடுவதாகத் திட்டம். மாமியார் போனபின் அங்கே தனியாகத்தான் இருக்கிறார். சித்திரையில் குளியலறையில் வழுக்கி விழுந்து, பால்காரர் வந்து கதவைத் தட்டும்வரை எழ முடியாமல் கிடந்திருக்கிறார். அன்றிலிருந்து, அப்பாவைக் குத்துக்கல்வலசையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்துவிட வேண்டும் என்பதுதான் என் மனைவியின் ஒரே பேச்சு.

அவர் பிடிகொடுக்கவில்லை. காரணத்தை மகளிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

"மாப்பிள்ள சைவக்காரரு. ஞாயித்துக்கிழம கறி இல்லாம எனக்கு ஆகாது. அவரு வீட்ல மாட்டுக்கறி வாசம் வந்தா நல்லாவா இருக்கும்?"

அவள் சொல்லிக் கேட்டதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் அப்பா அம்மா வீட்டில் பூண்டைக்கூட யோசித்துத்தான் போடுவார்கள். அவர்களையெல்லாம் எதிர்த்துக்கொண்டு இவர் மகளைக் கட்டிப் பதினொரு வருடமாகிறது. இன்னும் நான் வேற்றாளா? நானே சமைத்துப் போடுகிறேன் என்று வீம்பாகச் சொல்லிவிட்டேன். மனைவி சிரித்தாள். "முட்ட ஒடைக்கதுக்கே மூஞ்சியச் சுளிப்பிய."

மாமாவுக்குக் கடைவாய்ப் பல் கிடையாது. கறி பஞ்சாக வேக வேண்டும். பெரிய துண்டாகக் கறியைப் போட்டு, காய்கறியோடு மூடி, ஓவனில் மூன்று மணி நேரம் வைக்கிற சமையலை ஒரு வீடியோவில் பார்த்துவைத்தேன். எங்கள் ஓவன் கிறிஸ்துமஸ் கேக்குக்கு மட்டுமே திறப்பது.

முதல் ஞாயிற்றுக்கிழமை மனைவியும் மாமாவும் ஆராதனைக்குக் கோயிலுக்குப் போனதும் நான் கறிக்கடைக்குப் போனேன். காய் வாங்குவதில் நான் கெட்டிக்காரன். அதே கெத்தில், "கொழுப்பு, ஜவ்வு ஒண்ணும் வேண்டாம். இளசாப் பாத்துக் குடுங்க" என்றேன். கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிவப்பாக ஒரு துண்டு தந்தார். வெந்தபின் அது தேங்காய் நாராகிவிட்டது. மாமா ஒரு துண்டை வாய்க்குள் வெகுநேரம் உருட்டிவிட்டு, "நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ள" என்று சொல்லி ரசத்தை ஊற்றிக்கொண்டார். அந்த மரியாதைதான் எனக்கு வலித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மாமா ஊருக்குக் கிளம்ப இருந்ததற்கு முந்தின நாள், காலையிலேயே கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார்.

"அண்ணாச்சி, வெண்டக்காயா வாங்குதிய, பிஞ்சாப் பாத்து எடுக்கதுக்கு? நேரங்கொண்டு வேகணும்னா நல்லா ஒழச்ச சதையில்லா வேணும்! அந்த ஜவ்வு உருகுனாத்தான் கறி பஞ்சாவும்."

மாட்டின் தோள்பட்டையிலிருந்து கொழுப்பும் ஜவ்வுமாக ஒன்றை வெட்டித் தந்தார். என் கண்ணுக்கு அது முற்றிப்போன காய்தான். இருந்தும் வாங்கிவந்தேன்.

உப்பும் மிளகும் பூண்டும் தடவி, இரும்புச் சட்டியில் எல்லாப் பக்கமும் சிவக்கப் புரட்டினேன். பொய் சொல்வானேன், அந்த வாசம் தாங்காமல் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சாரலில் கொஞ்சநேரம் நின்றேன். பிறகு வெங்காயம், தக்காளி, பட்டை, ஒரு டம்ளர் தண்ணீர் சேர்த்து மூடி ஓவனுக்குள் தள்ளினேன். இரண்டு மணி நேரம் கழித்து கேரட்டையும் உருளைக்கிழங்கையும் போடத் திறந்து குத்திப் பார்த்தால் கறி கல் மாதிரி இருந்தது. குக்கருக்கு மாற்றி எட்டு விசில் விடலாமா என்று கை பரபரத்தது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு மூடினேன். இன்னும் ஒன்றரை மணி நேரம் போனபின் முள்கரண்டி பட்டதுமே கறி தானாகப் பிரிந்து விழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கோயில் முடிந்து அப்படியே ஐந்தருவியில் குளித்துவிட்டு அப்பாவும் மகளும் பசியோடு வந்தார்கள். மாமா விரலாலேயே கறியைப் பிய்த்தார். உருளைக்கிழங்கைக் குழம்பில் மசித்துச் சோற்றோடு பிசைந்தார். இரண்டாம் முறை அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார். பரீட்சை எழுதியவன்போல் நான் பக்கத்திலேயே நின்றேன்.

கடைசியில் நிமிர்ந்து பார்த்தார்.

"உப்பு பத்தல மாப்பிள்ள. மொளகும் காணாது."

பதினொரு வருடத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் குறை அது. மனைவி சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழம அடுப்புல ஏத்துததுக்கு முன்ன என்னியக் கூப்பிடுங்க," என்றார். "நான் பாத்துச் சொல்லுதேன்."