நிலவறைப் பெட்டியின் இலக்கம்

எங்கள் வீட்டு நிலவறையில், ஹீட்டிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஓர் இரும்புப் பெட்டி நிற்கிறது. என் நெஞ்சளவு உயரம். சீமெந்துத் தரையோடு நாலு போல்ட் போட்டு இறுக்கியவன் நான்தான். அதற்குள் ஒரு துவக்கு இருக்கிறது. அதை நான் சுட முடியாது. விற்க முடியாது. சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குக் கொண்டுபோக முடியாது. யாருக்கும் சும்மாவும் கொடுக்க முடியாது. வைத்திருக்கலாம், அதுவும் கனடா அரசாங்கம் சொல்லும் நாள் வரைக்கும். இதற்காக நான் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். சுட முடியாத துவக்குக்கு லைசென்ஸ்! புதுப்பிக்காமல் விட்டால் அன்றைக்கே நான் குற்றவாளி.

எங்கள் ஆட்களிடம் இதைச் சொல்லி அழ முடியாது. ஒருமுறை ஒரு பேர்த்டே பார்ட்டியில், துவக்கு வாங்கி வைத்திருக்கிற தமிழரைப் பற்றிக் கதை வந்தது. "விசரே அவங்களுக்கு? துவக்குக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள். இஞ்சை வந்து காசு குடுத்து வாங்கி வைச்சிருக்கிறாங்களாம்" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் ரோல்ஸைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் மனைவி என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

நான் பாய்லர், ஹீட்டிங் திருத்துகிறவன். முதன்முதல் என்னை ரேஞ்சுக்குக் கூட்டிப்போனவன் என்னோடு வேலை செய்த ஒரு வெள்ளைக்காரன். சும்மா வந்து பார் என்றான். போனேன். வெடிச் சத்தம் கேட்டால் குப்புறப் படுக்கப் பழகிய உடம்பு இது. காதை மூடிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றேன். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்த பொறுப்பாளர் "சீஸ் ஃபயர்" என்று கத்தினார். அவ்வளவுதான். வரிசையில் நின்ற அத்தனை பேரும் ரவையைக் கழற்றி, துவக்கை மேசையில் வைத்து, மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். ஒருவர் கோப்பியை ஊதிக் குடித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரில் எத்தனை தரம் "சீஸ் ஃபயர்" என்று சொல்லிச் சண்டையை நிற்பாட்டினார்கள்! ஒருதரமாவது ஒருவராவது துவக்கைக் கீழே வைத்ததை நான் கண்டதில்லை. இங்கே ஒரு வயதான மனிதர் கத்துகிறார், எல்லாரும் கேட்கிறார்கள். அதைப் பார்க்கத்தான் திரும்பத் திரும்பப் போனேன். சுடுவது பிறகு பழகியது. இதை எந்த எம்.பி.க்கு நான் விளக்குவது?

லைசென்ஸ் எடுப்பது லேசான வேலை என்று நினைக்காதீர்கள். வகுப்பு, சோதனை, என்னைத் தெரிந்த இரண்டு பேரின் உறுதி. கடைசியில் மனைவியின் கையெழுத்து. அவள் வைக்காவிட்டால் அலுவலகத்திலிருந்து அவளுக்கே ஃபோன் வரும், உங்களுக்குப் பயம் ஏதும் உண்டா என்று கேட்பார்கள்.

ஊரில் சண்டைக் காலத்தில் என் மனைவியின் அண்ணனை அவர்களுடைய வீட்டுக்கே வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று நான் எழுதப் போவதில்லை. துவக்கோடு வந்தார்கள், அது போதும். அவர் திரும்பி வரவில்லை. அப்போது அவளுக்குப் பதினாறு வயது.

அப்படிப்பட்டவளிடம் நான் அந்தப் படிவத்தை நீட்டினேன். இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. மூன்று நாள் அது ஃப்ரிட்ஜின் மேல் கிடந்தது. நாலாம் நாள் கையெழுத்து வைத்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"வைச்சிருங்கோ. ஆனா அந்தப் பெட்டியை நான் ஒருநாளும் திறக்க வரக் கூடாது. நம்பரை எனக்குச் சொல்ல வேண்டாம். அந்தச் சாமானை நான் காணவும் வேண்டாம்."

"சட்டமும் அதைத்தான் சொல்லுது" என்றேன். லைசென்ஸ் இல்லாத ஒருவருக்குப் பெட்டியின் இலக்கம் தெரியவே கூடாது என்று வகுப்பில் அடித்துச் சொல்லியிருந்தார்கள். சட்டமும் மனைவியும் ஒரே சொல்லைச் சொன்னது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். நான் பெரிய சந்தோஷத்தில் இருந்தேன்.

பிறகு கொரோனா காலத்தில் ஒருநாள், இனி வைத்திருக்கக் கூடாத துவக்குகள் என்று அரசாங்கம் ஒரு பட்டியல் போட்டது. என் துவக்கின் மாதிரியும் அதில் இருந்தது. மரப்பிடி போட்ட சாதாரண துவக்கு. நேற்றுவரை கடையில் வைத்து விற்றது, இன்று தடை. அன்றிலிருந்து அது பெட்டிக்குள்தான். ஒப்படைக்க ஒரு கடைசி நாள் சொன்னார்கள். அது வர முன்னர் தள்ளிப் போட்டார்கள். திரும்பவும் தள்ளினார்கள். எம்.பி.க்கு எழுதினேன், உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. ஸ்காபரோவில் எங்காவது பிளாசாவில் சூடு விழுந்தால் செய்தியில் உடனே இந்தச் சட்டத்தைப் பற்றித்தான் கதைப்பார்கள். அட கோதாரி, சுட்டவன் எந்தப் படிவத்தை நிரப்பினவன்? அவன் வைத்திருப்பது எல்லை தாண்டிக் கள்ளமாக வந்த கைத்துவக்கு. படிவம் நிரப்பி, வகுப்புக்குப் போய், விலாசம் மாறினால் அறிவித்து, கைகட்டி நின்றவன் நான். என்னைத்தான் அவர்களுக்குத் தெரியும், அதனால் என்னைத்தான் பிடிக்கிறார்கள். இப்போது நட்டஈடு தருகிறோம், பதிவு செய் என்கிறார்கள். பதிவு செய்தால் நான் பிழை செய்தவன் என்று ஒத்துக்கொண்டது போல இருக்கும். அதனால் செய்யாமலே இருந்தேன்.

இந்த நிலையில்தான் பெட்டிக்குள் நகை வந்தது.

மனைவியின் அக்கா யூனியன்வில்லில் இருக்கிறா. அவவின் பக்கத்து வீட்டில் பட்டப்பகலில் கள்ளர் புகுந்து நகை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். எங்கள் ஆட்களின் வீட்டில் பவுண் இருக்கும் என்று கள்ளருக்கும் தெரியும். பாங்கில் லொக்கர் கேட்டால் வெயிட்டிங் லிஸ்ட் என்றார்கள். அப்போது அக்காவுக்கு எங்கள் நிலவறைப் பெட்டி ஞாபகம் வந்தது. அதற்குள் வீட்டுப் பத்திரங்கள் இருப்பதாகத்தான் அவவுக்குச் சொல்லியிருந்தோம்.

"தம்பி, உம்மடை பெட்டி பாங்கைவிடப் பலம். என்ரையையும் அதுக்குள்ளை வையுமன்."

எப்படி மறுப்பது? மறுத்தால் ஏன் என்று கேட்பா. வாங்கினேன். "கீழை குளிர், நீங்கள் மேலை இருங்கோ" என்று சொல்லிவிட்டுத் தனியே கொண்டுபோய் வைத்தேன். மனைவியும் தன்னுடையதைத் தந்தாள். அதன் பிறகு ஒவ்வொரு கொண்டாட்டத்துக்கும் என்னிடம் கேட்டு வாங்கித்தான் போடுவாள். "என்ரை சங்கிலியை எடுக்க உங்களிட்டைப் பெர்மிஷன்" என்று பகிடி விடுவாள். பகிடிதான் என்று நினைத்தேன்.

போன தை மாதம் அக்காவின் மகனுக்குக் கலியாணம். தாலிக்கொடி செய்விப்பது மாப்பிள்ளை வீட்டார். செய்வித்து முடிந்ததும் கொடி நேரே எங்கள் பெட்டிக்கு வந்தது. கலியாண வீடு என்றால் கள்ளர் கண் வைப்பார்கள், கலியாணத்தன்று காலையில் எடுத்தால் போதும் என்றா அக்கா. நானும் பெரிய கெட்டிக்காரன் போல, மேல்தட்டில் மற்ற நகைகளோடு வைக்காமல், பெட்டியின் அடியில், துவக்குக்குப் பின்னால் கொடியை வைத்தேன். அவ்வளவு பத்திரமாம்.

கலியாணத்தன்று விடியப்புறம் ஒஷாவாவிலிருந்து ஃபோன். வயதானவர்கள் இருக்கும் ஒரு கட்டடத்தில் பாய்லர் நின்றுவிட்டது, வெளியே உறைகுளிர். அந்தக் கிழமை அவசர வேலைக்கு என் முறை. "எட்டு மணிக்கு வந்திடுவன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். பாய்லரைத் திருத்தியும் விட்டேன். திரும்பி வரும்போது ஏஜாக்ஸுக்குக் கிட்ட ஃபோர்-ஓ-வன் நெடுஞ்சாலையில் ஒரு ட்ரக் புரண்டு, மூன்று லேனும் அடைத்துவிட்டது. முன்னுக்கும் வாகனம், பின்னுக்கும் வாகனம், பக்கத்தில் சீமெந்துச் சுவர். எட்டரையாகியும் ஓர் அடி அசையவில்லை. முகூர்த்தம் ஒன்பதே முக்கால்.

மனைவி வீட்டிலிருந்து ஃபோன் எடுத்தாள். "எங்கை நிக்கிறியள்?"

சொன்னேன். அவள் நிலவறைப் படி இறங்கும் சத்தம் கேட்டது.

"நம்பரைச் சொல்லுங்கோ."

"கொஞ்சம் பொறும், இப்ப விட்டிடுவாங்கள்..."

"அக்கா மண்டபத்தில நிண்டு அழுறா. நம்பரைச் சொல்லுங்கோ."

"உமக்குச் சொல்லக் கூடாது. சட்டம்..." என்று தொடங்கினேன். உண்மையாகவே அதைத்தான் சொன்னேன். என்னுடைய ஒரே பெருமை, இத்தனை வருடத்தில் ஒரு விதியையும் மீறவில்லை என்பது. நாளைக்கு யார் வந்து கேட்டாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். அந்தச் சுவரையும் முன்னால் நின்ற வாகனத்தையும் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

"நான் கையெழுத்து வைச்சனான்" என்றாள். "வேறை ஒண்டும் உங்களிட்டைக் கேக்கேல்லை. இப்ப சொல்லுங்கோ."

சொன்னேன். ஆறு இலக்கம். அவள் ஒவ்வொன்றாக அமத்தும் சத்தம் ஃபோனில் கேட்டது. கதவு திறந்தது.

"கொடி எங்கை?"

"அடியில. பின்னாலை." அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அதைக் கொஞ்சம் அரக்க வேணும். விசைக்குப் பூட்டுப் போட்டிருக்கு, ரவை ஒண்டும் இல்லை, ஒண்டும் நடக்காது, மரப்பிடியில பிடிச்சு..."

"வாயைப் பொத்துங்கோ."

பொத்தினேன். பிறகு அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது. இரும்பு இரும்பில் உரசியது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அந்தத் துவக்கு நாலு லீற்றர் பாலைவிடப் பெரிய பாரம் இல்லை. ஆனால் அவள் அதைத் திரும்ப வைக்கும் சத்தம் கேட்க வெகு நேரமானது. கதவு மூடியது. ஃபோன் நின்றது.

நான் மண்டபத்துக்குப் போனபோது தாலி கட்டி முடிந்துவிட்டது. அக்கா ஓடி வந்து என் கையைப் பிடித்தா. "தம்பி, உம்மடை பெட்டியாலதான் எல்லாம் குறையில்லாமல் நடந்தது." மனைவி முன்வரிசையில் இருந்தாள். அவளுடைய பட்டுச் சேலையில், தோள் மடிப்பில், ஒரு பழுப்புக் கறை. துவக்குக்கு நான் மாதம் தவறாமல் போடுகிற எண்ணெய். தோளில் சாத்திப் பிடித்திருக்கிறாள். வேறு யாருக்கும் அது என்ன கறை என்று தெரியாது.

அன்றிலிருந்து அவள் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சண்டை பிடித்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். தன் நகையை அக்காவின் நகையோடு சேர்த்து வெளியே எடுத்துத் தரச் சொன்னாள், எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

மூன்று கிழமை கழித்து லைசென்ஸ் புதுப்பிக்கிற நாள் கிட்டியது. திரும்பவும் படிவம், திரும்பவும் அவளுடைய கையெழுத்துக்கு ஓர் இடம். நீட்ட மனம் வராமல் ஃப்ரிட்ஜின் மேல் வைத்தேன். ஒரு ஞாயிறு மத்தியானம் அவள் அதை எடுத்துக்கொண்டு வந்து மேசைக்கு முன்னால் இருந்தாள்.

"நான் நம்பரை மாத்திப்போட்டன்" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டும் என்பதற்காக. "உமக்குத் தெரிஞ்ச நம்பருக்கு அது இனித் திறக்காது."

"பெட்டி திறக்காது. நான் திறந்தது திறந்ததுதானே."

படிவத்தைத் தன் முன்னால் விரித்து வைத்தாள்.

"அண்ணையைக் கூட்டிக்கொண்டு போக வந்தவன்" என்றாள், "அண்ணை சேட்டுப் போட்டுக்கொண்டு வருமட்டும் வாசலில நிண்டவன். துவக்கை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமா மாத்தி மாத்தி வைச்சவன். அவனுக்கு அவசரம், அதுதான் அந்தரப்படுறான் எண்டு இவ்வளவு காலமும் நினைச்சன். அண்டைக்குத் தூக்கேக்கைதான் விளங்கினது. பாரம். அவனுக்கும் அது பாரமா இருந்திருக்கு."

"நான் குடுத்துவிடுறன்" என்றேன். "பதிஞ்சு குடுத்துவிடுறன். நட்டஈடும் வேண்டாம்."

"எப்ப வந்து எடுப்பினம்?"

அது எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. பதிந்தாலும் அவர்கள் கூப்பிடும் நாள் வரை அது இங்கேதான் நிற்க வேண்டும், அதுவரைக்கும் லைசென்ஸ் உயிரோடு இருக்க வேண்டும். அதைச் சொன்னேன்.

பேனையை எடுத்தாள். பெயரின் முதல் எழுத்தைப் போட்டுவிட்டு நிறுத்தினாள், பிறகு முழுவதையும் எழுதி முடித்தாள். படிவத்தை மடித்து என் பக்கம் தள்ளினாள்.

"இண்டைக்கே கொண்டுபோய்ப் போடுங்கோ" என்றாள். "இல்லாட்டி உங்களையும் வந்து கூட்டிக்கொண்டு போவாங்கள்."