வேலியோர வரிசை

நாற்றுப் பண்ணையில் எல்லோரும் அவளை வால் என்றுதான் கூப்பிடுவார்கள். புருஷன் முன்னால் குனிந்து ரோஜாவுக்கு ஒட்டு வைத்துக்கொண்டே போவார். இவள் பின்னாலேயே முழங்காலில் நகர்ந்து, பிளாஸ்டிக் நாடாவால் கட்டுப் போட்டுக்கொண்டே போவாள். இருபத்திரண்டு வருஷமாக இதே கதை. வால் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வார்கள்?

கேட்க சுலபமான வேலைதான். காட்டு ரோஜாவின் அடித்தண்டில் பட்டையைக் கீறி, நல்ல ரோஜாவிலிருந்து சீவிய மொட்டு ஒன்றை உள்ளே செருக வேண்டும். மொட்டின் முனை மேலே பார்க்க வேண்டும். தலைகீழாகச் செருகினால் கருகிப்போகும். அப்புறம் அந்தச் செடி காட்டு ரோஜாவாகவே வளர்ந்து, வெளிறிய ஐந்து இதழ்ப் பூவும் சிவப்புப் பழமுமாக நிற்கும். அதை எவன் வாங்குவான்?

"நம்ம கை பட்டா நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு புடிக்கும்" என்று அவர் மார்தட்டுவார். ஒரு காலத்தில் உண்மைதான்.

ஒருநாள் கட்டுப் போடக் குனிந்தவள் மொட்டு தலைகீழாக இருப்பதைப் பார்த்தாள். அன்று நாலு. அடுத்த வருஷம் பத்துக்கு மூன்று. அப்புறம் வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போனது. சர்க்கரை வியாதி மனுஷனின் கண்ணையும் விரல் நுனியையும் சேர்த்தே தின்றுகொண்டிருந்தது. வெளியே தெரிந்தால் முதலாளி அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அதுகூடப் பரவாயில்லை, இவர் ஒடிந்துபோவாரே! அவள் மூச்சு விடவில்லை. இடுப்பில் சின்னக் கத்தி ஒன்றைச் செருகிக்கொண்டு, தப்பாக இருந்ததையெல்லாம் எடுத்துத் திருப்பி வைத்துக் கட்டினாள்.

நேரம் பிடிக்கத்தானே செய்யும்? "என்னடி ஆமை மாதிரி வர்ற? கட்டுப் போடத்தானே சொன்னேன், கோட்டையா கட்டச் சொன்னேன்?" என்று முன்னாலிருந்து திட்டு விழும்.

"வயசாகுதுல்ல" என்பாள். ஆறு வருஷம் இப்படியே ஓடியது.

ஏழாவது வருஷம் வயிற்று ஆபரேஷன் என்று எட்டு நாள் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். கட்டுப் போட கொழுந்தன் பெண்டாட்டி போனாள். வேலியோர வரிசை முழுக்கச் சின்னவள் கட்டியதுதான். மூன்று வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்துப் பார்த்தால், நூற்றிருபது செடியில் பதினொன்றுதான் பச்சை. மிச்சமெல்லாம் கரி.

முதலாளிக்கு முன்னால் அவர் ஒரே போடாகப் போட்டார். "இவ கட்டுன லட்சணம். எல்லாம் தண்ணி எறங்கிச் செத்திருக்கு."

சின்னவள் அக்காவின் முகத்தையே பார்த்தபடி நின்றாள். அக்கா தரையைப் பார்த்தாள். பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சின்னவளுக்கு வேலை போயிற்று.

பிடுங்குவானேன் என்று அந்த வரிசையை வேலியாக விட்டுவிட்டார்கள். இரண்டாம் வருஷம் கொத்துக் கொத்தாகப் பழுத்தது. ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அக்கா மட்டும் அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை.

ஒரு காலையில் அவளும் புருஷனும் அந்த வேலியைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. பாகு காய்ச்சுகிற இடத்தில் அந்தப் பழத்தை விலைக்கு எடுத்துக்கொள்கிறார்களாம், யாரோ பறித்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள்! கையெல்லாம் முள் கீறல்.

"யாரும்மா அது? பறிச்சுக்கோ, பறிச்சுக்கோ" என்றார் அவர். "கூறுகெட்டவ ஒருத்தி கட்டுப் போட்ட புண்ணியத்துல உனக்குப் பழம்."

நாலடி தூரம். அவருக்கு முகம் தெரியவில்லை.

"நான்தான் மாமா" என்றாள் சின்னவள். "மொட்டெல்லாம் தலைகீழா இருந்துச்சு. அன்னிக்கே கேட்டேன், கட்டுறது மட்டும்தான் உன் வேலைன்னீங்க. அக்கா வந்து சொல்லுவாங்கன்னு இருந்தேன்."

அவர் மனைவி இருந்த பக்கம் திரும்பினார்.

"அப்ப மத்த வரிசையெல்லாம்?"

வயசாகுதுல்ல என்பது வாய்வரை வந்தது, வெளியே வரவில்லை. "நான்தாங்க திருப்பி வச்சேன்" என்றாள்.

அவர் தன் கத்தியை மடக்கித் தரையில் வைத்தார். வேலியைத் தடவிக்கொண்டே நடக்க ஆரம்பித்தார். முள் உள்ளங்கையைக் கிழித்தது. கையை எடுக்கவில்லை. அவள் பதறிக்கொண்டு ஓடிப்போய்த் தோளைத் தொட்டாள்.

"பின்னால வராத" என்றார்.

அவள் அங்கேயே நின்றுவிட்டாள். சின்னவள் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.