அக்காவின் காரில் நான் ஊற்றிய சிவப்பு எண்ணெய்

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று உறவினர்கள் சொன்னபோது, அவருடைய நற்குணங்களை எழுதத்தான் உட்கார்ந்தேன். நினைவுக்கு வந்ததோ நான் செய்த ஒரு முட்டாள்தனம். அதைச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ரெங்கம் அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் அக்கா. அப்பா காலமானபோது அவருக்குப் பதினாறு வயது, எனக்கு ஏழு. படிப்பை நிறுத்திவிட்டு, பத்து பாகாட்டில் ஒரு துணித் தொழிற்சாலைக்குத் தையல் வேலைக்குப் போனார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். பிறகு அத்தானைக் கைப்பிடித்து மாசாய்க்கு வந்தார். ஒரே மகள் யாழினி. குடும்பம் சற்று நிமிர்ந்த நேரத்தில் அத்தானின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. செவ்வாய், வியாழன், சனி என வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார அவருக்குத் தெம்பில்லை.

ஐம்பதை நெருங்கும் வயதில் அக்கா கார் ஓட்டப் பழகினார். தேர்வில் இரண்டு முறை தவறினார். மூன்றாம் முறை லைசென்ஸோடு வந்து, "இனிமே அத்தானுக்காக யாருகிட்டயும் போய் நிக்க வேணாம்லா" என்றார். கியர் தானாகவே மாறும் பழைய சிறிய ஆட்டோ கார் ஒன்றை வாங்கினார். அத்தானின் உயிர் அந்தக் காரை நம்பித்தான் இருந்தது.

கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றும் நேரம் வந்தது. முனையிலிருக்கும் சீனர் பட்டறைக்குப் போகக் கிளம்பிய அக்காவைத் தடுத்தவன் நான். பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் எங்களுக்கு ஒரு வியாதி உண்டு. தலைவலித் தைலமாக இருந்தாலும் சிங்கப்பூரில் வாங்கினால்தான் அது தைலம்.

"நான் அங்கேருந்து நல்லதா வாங்கிட்டு வர்றேன், அக்கா."

"காடி புக்குல வேற பேரு போட்டிருக்கே, தம்பி." காரை நாங்கள் காடி என்றுதான் சொல்வோம்.

"அதெல்லாம் வியாபாரம்லா. ஆட்டோ காடின்னா எல்லாத்துக்கும் ஒரே எண்ணெய்தான்."

படித்த தம்பி சொல்கிறான் என்று அக்கா நம்பிவிட்டார். அந்த நம்பிக்கைதான் இன்றும் எனக்கு வலிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே பழைய எண்ணெயை வடித்துவிட்டு, நான் வாங்கி வந்த சிவப்பு எண்ணெயை ஊற்றினேன். அந்தக் காரின் கியர்பாக்ஸ் வேறு வகை. உள்ளே ஓர் இரும்புப் பட்டைதான் சக்கரங்களைச் சுழற்றும். அந்தப் பட்டை வழுக்காமல் இருக்க அதற்கென்றே தனி எண்ணெய் உண்டு. கையேட்டில் ஒரு பக்கம் புரட்டியிருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். அரைகுறை வைத்தியன் ஆளைக் கொல்வான் என்பார்கள். நான் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தேன்.

செவ்வாய்க்கிழமை, அத்தானோடு மேம்பாலம் ஏறும்போது கார் உதறியது. எஞ்சின் அலறியதே தவிர வேகம் கூடவில்லை. ஊர்ந்து ஊர்ந்து, தாமதமாகப் போய்ச் சேர்ந்த அக்கா எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, காடிக்குக் குளிர் காய்ச்சல் வந்த மாதிரி நடுங்குது."

அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும், "பெட்ரோல் சரியில்ல போல" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அக்கா வீட்டில் போய் நின்றேன். மேசையில் காரின் கையேடு விரிந்திருந்தது. பக்கத்தில் என் காலிப் போத்தல்.

"தப்பு என்னோடதுதான், அக்கா."

"தெரியும், போத்தல படிச்சிட்டேன். சாப்பிட்டியா?"

பசியாறிய பிறகுதான் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனோம். சீனர் எண்ணெயைப் பார்த்துவிட்டு, "அலமாக்!" என்று தலையில் கை வைத்தார். ஒரு முறை வடித்தால் பாதிதான் வெளியே வருமாம், மீதி உள்ளேயே தங்கிவிடுமாம். சரியான எண்ணெயை ஊற்றி, சிறிது ஓட்டி, மறுபடி வடிக்க வேண்டும். அப்படி மூன்று தடவை. அதற்குள் பட்டை தேய்ந்திருந்தால் கியர்பாக்ஸ் போனதுதான் என்றார்.

ஒவ்வொரு தடவையும் அக்கா பக்கத்திலேயே நின்றார். வீட்டிலிருந்து பலகாரத்துக்கு அளக்கும் குவளையைக் கொண்டுவந்து, வடிந்தது எவ்வளவோ அவ்வளவுதான் ஊற்ற வேண்டும் என்று அளந்து கொடுத்தார். சீனர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். மூன்றாம் தடவை வடிந்ததில் சிவப்பு இல்லை.

சனிக்கிழமை மாலை அக்கா ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதே மேம்பாலம். எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். கார் ஒரு நடுக்கமும் இல்லாமல் ஏறி இறங்கியது.

"பாத்தியா, காடியே உன்ன மன்னிச்சிடுச்சு. நீ மூஞ்சியத் தூக்கி வச்சிக்காத" என்றார் அக்கா.

அதன்பின் பல ஆண்டுகள் அந்தக் கார் ஒரு நாளும் அத்தானைக் கைவிடவில்லை. புற்றுநோய் வந்து படுத்த பிறகும் அக்கா செய்த முதல் காரியம், யாழினியைக் கார் ஓட்டப் பழக வைத்ததுதான். கடைசி வாரத்தில்கூட, "அப்பா டயாலிசிஸ் போயிட்டு வந்தாச்சா?" என்றுதான் யாழினியிடம் கேட்டார்.

கார் பட்டறையில் கிடந்த அந்த வாரம், இரண்டு நாளும் அத்தானை அழைத்துச் சென்ற எதிர்வீட்டு மலாய் அன்பர், பட்டறைச் சீனர், அக்காவைப் பராமரித்த தாதியர், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த உறவுகள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சென்ற வாரம் காருக்கு மீண்டும் எண்ணெய் மாற்ற வேண்டியிருந்தது. யாழினி கையேட்டைத் திறந்தாள். எண்ணெய் பற்றிய பக்கத்தில் அக்காவின் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு. எண்ணெயின் பெயர், அளவு, அதன் கீழே இப்படி:

"மாமா வேற வாங்கிட்டு வந்தா வேணாம்னு சொல்லாத, மனசு கஷ்டப்படும். வாங்கி வச்சிக்கோ. ஊத்திடாத."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நான் வாங்கி வந்திருந்த போத்தலை யாழினியிடம் நீட்டினேன். அவள் சீட்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இந்தத் தடவ சரியா வாங்கிட்டீங்க, மாமா. ஊத்தலாம்."