இரண்டாம் நம்பர் மோட்டாருக்குக் காய்ச்சல்

பாக்கியநாதன் குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறவர் என்பது கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனி முழுக்கத் தெரியும். மூன்று புத்தகம் வந்துவிட்டது. அப்பாவும் அம்மாவும் ஆரம்பாக்கத்தில் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். இவர் பத்தாவது முடித்து வந்து இருபத்தாறு வருடமாக மெஷின் ஓட்டுகிறார். டீ நேரத்தில் பழைய ரிப்போர்ட் தாளின் பின்பக்கத்தில் எழுதுவார். ராஜா, சிங்கம் எதுவும் கிடையாது; அன்றைக்கு வேலையில் பார்த்ததுதான் கதை. கிரேன் கோபித்துக்கொள்ளும், லாரி அழும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பிள்ளைகள் அவரை வளைத்துக்கொள்வார்கள். அடுத்த ஷிப்டில் அதே மெஷினை ஓட்டுகிற நான் ஒரு வரிகூடப் படித்ததில்லை. வளர்ந்த மனுஷனுக்கு இதெல்லாம் தேவையா என்று கிண்டல்தான்.

ஷிப்ட் முடித்துப் போகிறவர் மெஷினின் நிலைமையை ரிப்போர்ட்டாக எழுதி, மெஷினில் தொங்கும் அட்டையில் செருகிவிட்டுப் போக வேண்டும். வருகிறவர் அதைப் படித்த பிறகுதான் சுவிட்சைத் தொடலாம். எங்களிடம் இதுதான் வழக்கம்.

போன மாதம் ஒரு நாள் மதியம் இரண்டு மணி ஷிப்டுக்கு நான் வருவதற்குள், ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் அவர் ஓடிவிட்டார். அட்டையைப் பார்த்தேன்.

'இரண்டாம் நம்பர் மோட்டாருக்குக் காய்ச்சல். அதன் பெல்ட் பாதி கிழிந்திருந்தது. டாக்டர் வரும்வரை யாரும் எழுப்பாதீர்கள் என்றது கிரேன்.'

எரிச்சலாக வந்தது. ரிப்போர்ட்டை விட்டுவிட்டுக் கதையைச் செருகிவிட்டுப் போயிருக்கிறார் மனுஷன்! சுவிட்சில் கை வைத்துவிட்டேன். ஆனால் அந்தக் காய்ச்சல் மனதை என்னவோ செய்தது. மோட்டாரைத் தொட்டேன், சுட்டது. மூடியைக் கழற்றினால், பெல்ட் பாதி கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஓட்டியிருந்தால் அறுந்து என் முகத்தில்தான் அடித்திருக்கும். சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

மூன்றரை மணிக்கு பாக்கியநாதன் மூச்சிரைக்க ஓடி வந்தார். ஆரம்பாக்கத்தில் இறங்கிப் பையைத் திறந்தால் ரிப்போர்ட் உள்ளே இருந்திருக்கிறது. எங்கள் செல்போன்களைக் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கேட்டுக்குப் போன் போட்டால் யாரும் எடுக்கவில்லையாம்.

"துளசி, மெஷின ஓட்டிட்டியா?" என்று என் கையையும் முகத்தையும் தடவிப் பார்த்தார்.

"இல்லண்ணா. கதய படிச்சேன்."

"யேசப்பா!" என்று தரையிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அப்படி ஒரு நிம்மதி.

ஆளுக்கொரு டீ குடித்த பிறகு, ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார்.

"அத்த நீயே வச்சிக்கோண்ணா," என்றேன். "ரெண்டாவது பக்கம் எங்க? அந்த மோட்டாரு எயுந்துச்சா, இல்லியா?"